வம்புக்கு வருவோரும் அவை காக்கும் முறையும்

குபெர்டினோ என்ற ஊர்ப் பெயருக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1776-ஆம் ஆண்டில் ஸ்பானியத் தளபதி தே அன்சாவின் தலைமையில் இப்பகுதிக்கு வந்த குழுவினர், இங்கே ஓடிய ஓடை ஒன்றுக்கு இத்தாலிய நாட்டுத் துறவி ஒருவரின் பெயரைச் சூட்டினர். கொபெர்தினோ என்ற சிற்றூரில் பிறந்த அத்துறவி, வழிபாட்டின்போது பரவச மிகுதியால் தரையை விட்டு மேலே எழும்புவார் என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை. ஓடையின் பெயர் நாளடைவில் ஊரின் பெயராயிற்று. 1955-ல் ஊர் நகரமாயிற்று.

வேடிக்கை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. எழுத்துப் பிழைகளைத் திருத்தும் கணிப்பொறி நிரல்களின் பழைய பதிப்புகளில், 'ஒத்துழைப்பு' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் நடுவில் கோடிட்ட வடிவில் மட்டுமே இடம்பெற்றிருந்தது. கோடில்லாமல் எழுதியபோது இயந்திரம் அதைப் பிழையென்று கருதி, அதற்கு நெருக்கமாகத் தோன்றிய 'குபெர்டினோ' என்ற சொல்லை அங்கே வைத்துவிட்டது. இதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்கள் சிலவற்றில், நாடுகளுக்கிடையே 'குபெர்டினோ' பெருக வேண்டும் என்ற பொருளில் வாசகங்கள் ஏறிவிட்டன. மொழிபெயர்ப்பாளர்கள் இத்தகைய பிழைகளுக்கே 'குபெர்டினோ விளைவு' என்று பெயரிட்டார்கள்.

பிழையாயினும் அது நல்ல வாக்காக அமைந்துவிட்டது. ஒத்துழைப்பு என்று எழுதப் போனால் குபெர்டினோ என்று வருகிறது. அப்படியானால் குபெர்டினோவில் வாழ்வோர் கூடும் இடங்களில் ஒத்துழைப்பு விளங்க வேண்டுமல்லவா? விளங்கத்தான் செய்கிறது. ஆயினும் நூறு பேர் சேர்ந்து கட்டியதை ஒருவர் வந்து ஒரே மாலையில் கலைத்துவிடுவதும் உண்டு. அவரை எப்படி நடத்துவது என்பதே இங்கு சிந்திக்கத்தக்கது.

தூண்டிலும் இரையும்

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். கிருஷ்ண ஜயந்தி நெருங்குகிறது. புதிதாக இவ்வூருக்கு வந்த ஒரு பெண்மணி, சங்கத்து அன்பர்களின் கைப்பேசிக் குழுவில் ஒரு சந்தேகம் கேட்கிறார்: "ஊரில் அம்மா நாளைக்கு என்கிறார்; இங்கே இன்றைக்கே என்கிறார்கள். எது சரி?"

நல்ல கேள்வி. இந்திய நேரம் கலிபோர்னியா நேரத்திற்குக் கோடையில் பன்னிரண்டரை மணியும், குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணியும் முந்தியது. திதி பிறப்பதும் முடிவதும் உலகம் முழுவதற்கும் ஒரே கணம்தான். ஆனால் அந்தக் கணத்தில் அங்கே ஒரு தேதி, இங்கே ஒரு தேதியாக இருக்கக்கூடும். சூரிய உதயமும் இடத்துக்கு இடம் மாறும். எனவே இவ்வூருக்கென்று கணித்த பஞ்சாங்கப்படி பண்டிகை ஒரு நாள் முன்னதாக வருவது இயல்பு. பெரியவர் ஒருவர் இதைப் பொறுமையாக விளக்குகிறார். பெண்மணி நன்றி சொல்கிறார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. மூன்றாமவர் ஒருவர் எழுதுகிறார்: "டாலருக்காக வந்தவர்களுக்குத் திதி எதற்கு, பஞ்சாங்கம் எதற்கு? விருந்து சாப்பிட ஒரு நாள் வேண்டும், அவ்வளவுதானே!" இதற்கு ஒருவர் சூடாகப் பதில் சொல்கிறார். அதற்கு ஒரு பதில். பிறகு சைவர், வைணவர் என்று பேச்சு திரும்புகிறது. எந்த ஊர்க்காரர், எந்தக் குலத்தார் என்று இறங்குகிறது. இரவு பத்து மணிக்குள் நாற்பது கடிதங்கள். சர்க்கரைப் பொங்கல் யார் கொண்டு வருகிறார், குழந்தைகளுக்குக் கிருஷ்ணர் வேடம் யார் கட்டுகிறார் என்ற விவரமெல்லாம் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுவிடுகின்றன.

இப்படிப்பட்டவரை இக்காலத்து ஆங்கில வழக்கில் 'ட்ரோல்' என்கிறார்கள். படகின் பின்னால் இரை கோத்த தூண்டிலை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிக்கும் முறைக்கும் அதே சொல்தான். தமிழில் இதற்குச் சொற்பஞ்சமில்லை. வாயைக் கிளறுவது, வம்புக்கு இழுப்பது, குட்டையைக் குழப்பி மீன் பிடிப்பது என்று எத்தனையோ வழக்குகள். அவர் வீசுவது கருத்து அன்று, இரை. அவருக்கு வேண்டியது பதில் அன்று, பதற்றம். பதில் சொல்பவர் எத்தனை நியாயமாகச் சொன்னாலும், சொன்ன அந்தக் கணத்திலேயே தூண்டிலில் மாட்டிக்கொண்டவர்தான்.

இதில் யாருக்கு நஷ்டம்? சத்தம் போட்டவர்களுக்கு அன்று. அவர்கள் மறுநாள் வேறு இடத்தில் சத்தம் போடுவார்கள். நஷ்டம், வாய் திறவாமல் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு. அந்தப் பெண்மணி இனி எதுவும் கேட்கமாட்டார். ஞாயிறு வகுப்புக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம், "இவர்களோடு நமக்கென்ன?" என்று நின்றுவிடும். சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்களை எல்லோரும் அறிவார்கள். சொல்லாமல் போகிறவர்களை யாரும் அறிவதில்லை. பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்களுக்கு உற்றாரும் உறவினருமாக அமைவது இந்தச் சங்கங்கள்தாம். அதுவும் இல்லையென்று ஆகிவிட்டால் அந்தக் குடும்பத்துக் குழந்தைகள் நாவில் தமிழும், கையில் திருநீறும் எங்கிருந்து வரும்?

வாதம் மூன்று வகை

இந்த நோய் புதியதன்று. இதற்கு நம் முன்னோர் பெயரும் வைத்து, இலக்கணமும் வகுத்திருக்கிறார்கள். கௌதம முனிவரின் நியாய சூத்திரம், அறிய வேண்டியவை என்று பதினாறு பொருள்களை எண்ணுகிறது. அவற்றுள் வாதம், ஜல்பம், விதண்டை என்ற மூன்றும் அடங்கும்.

உண்மையை அறிய வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன், இரு தரப்பாரும் தத்தம் கொள்கையைப் பிரமாணங்களோடு நிறுவிப் பேசுவது வாதம். குருவும் சீடனும், நண்பரும் நண்பரும் பேசுவது இது. வெற்றி பெற வேண்டும் என்ற நோக்கத்துடன், நேர் வழியோடு குறுக்கு வழியையும் சேர்த்துக்கொண்டு பேசுவது ஜல்பம். இதிலும் பேசுபவருக்கென்று ஒரு கொள்கையாவது உண்டு. தனக்கென்று எந்தக் கொள்கையையும் நிறுவாமல், பிறர் சொல்வதை உடைப்பது ஒன்றையே தொழிலாகக் கொள்வது விதண்டை. நாம் இன்றும் பேச்சுவழக்கில் 'விதண்டாவாதம்' என்கிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான்.

விதண்டாவாதியின் கைச்சரக்குகளையும் அந்நூல் விவரிக்கிறது. அவற்றுள் ஒன்று சலம். எதிராளியின் சொல்லுக்கு அவன் கருதாத பொருளை ஏற்றி மடக்குவது அது. 'நவகம்பளம் உடையவன் இந்தச் சிறுவன்' என்று ஒருவன் சொல்கிறான். புதிய கம்பளம் என்பது அவன் கருத்து. 'நவ' என்றால் ஒன்பது என்றும் பொருளுண்டு அல்லவா? "ஒன்பது கம்பளமா? ஒன்றுதானே இருக்கிறது, பொய்யா சொல்கிறாய்?" என்று மடக்குவது சொற்சலம். 'மஞ்சங்கள் கூவுகின்றன' என்றால் அவற்றின்மேல் இருக்கும் மனிதர் கூவுகிறார்கள் என்பது எவர்க்கும் தெரியும். "மஞ்சம் எப்படிக் கூவும்?" என்று கேட்பது இன்னொரு வகைச் சலம். 'ஊரே திரண்டு வந்தது' என்று விழாவைப் பற்றி யாராவது எழுதினால், "மரமும் வீடுமா வந்தன?" என்று கேட்கும் அன்பர்கள் இன்றும் இல்லையா? ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்களுடைய சரக்கு மாறவில்லை.

அப்படியானால் ஜல்பமும் விதண்டையும் எதற்கு? அறவே தள்ளிவிடலாமே? இதற்கும் நியாய சூத்திரம் விடை தருகிறது. முளைத்துவரும் பயிரைக் காக்க உழவன் முள் வேலி இடுவதுபோல, உண்மையறிவைக் காக்க மட்டுமே அவை பயன்படும் என்பது அதன் கருத்து. வேலி வயலைக் காக்கத்தான் வேண்டும். வயல் முழுவதும் முள்ளாகிவிட்டால் அறுப்பதற்கு என்ன இருக்கும்?

மருத்துவ நூலான சரக சம்ஹிதையும் இதைப் பேசுகிறது. மருத்துவர்கள் தமக்குள் நட்புடன் உரையாடுவது ஒன்று, பகைமை கொண்டு வாதிடுவது மற்றொன்று எனப் பிரிக்கிறது. பகைமை வாதத்தில் இறங்குமுன் எதிராளி எத்தகையவர், கூடியிருக்கும் சபை எத்தகையது, அது நட்புடையதா, நடுநிலையா, பகைமை கொண்டதா என்றெல்லாம் ஆராயச் சொல்கிறது. பகைமை கொண்ட சபையில் வாதிடவே வேண்டாம் என்பது அதன் அறிவுரை. திருவள்ளுவரும் அவையறிதல் என்று ஒரு தனி அதிகாரம் வைத்தார். பயனில சொல்லாமை, புறங்கூறாமை, இகல் என்ற அதிகாரங்களும் இந்த நோய்க்கு மருந்தாக அமைந்தவையே.

கேள்வி கேட்பவர் எல்லாம் வம்பர் அல்லர்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சங்கத்தை நடத்துவோருக்கு ஒரு சபலம் உண்டு. கணக்குக் கேட்பவர், குறை சொல்பவர், மாற்றுக் கருத்து உரைப்பவர் அனைவரையும் 'கலகக்காரர்' என்று முத்திரை குத்திவிட்டால் வேலை சுலபமாகிவிடும். அது பெரும் பிழை. நாரதரின் கலகம் நன்மையில் முடியும் என்பது பழமொழி. விழாச் செலவில் ஏன் இவ்வளவு துண்டு விழுந்தது என்று கேட்பவரும், பூஜையில் பெண்களுக்கு ஏன் இந்த இடம் இல்லை என்று கேட்பவரும் சங்கத்தின் பகைவர் அல்லர். பெரும்பாலும் அவர்களே அதன் மெய்யான நண்பர்கள்.

குபெர்டினோ நகரத்தார் இதை நன்கு அறிவார்கள். 1976-ல் திறக்கப்பட்ட வால்கோ அங்காடி வளாகம் நலிவுற்றபின், அவ்விடத்தில் என்ன கட்டுவது என்பதில் ஊர் இரண்டு பட்டது. வீடுகள் வேண்டும் என்றார் சிலர். இவ்வளவு உயரமும் நெரிசலும் வேண்டாம் என்றார் சிலர். 2018-ல் மாநிலச் சட்டத்தின் துணையோடு ஒரு திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அது வழக்குக்குப் போய், 2020-ல் நீதிமன்றம் அனுமதியை உறுதி செய்தது. இருதரப்பாரும் மனம் நொந்ததுண்டு. ஆனாலும் அது ஊரைப்பற்றிய மெய்யான கருத்து வேற்றுமை. அதில் பேசியவர்களுக்கு ஒரு கொள்கை இருந்தது. நியாய நூலின்படி அது ஜல்பமாக இருந்திருக்கலாம், விதண்டை அன்று.

இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? மூன்று சோதனைகள் போதும். முதலாவது, தக்க பதில் கிடைத்தால் அவர் நிற்கிறாரா? மெய்யாகக் கேட்டவர் பதில் கிடைத்ததும் நிற்பார், அல்லது அடுத்த கேள்விக்குப் போவார். வம்பர் பதிலை விட்டுவிட்டுப் பதில் சொன்னவரைப் பிடித்துக்கொள்வார். இரண்டாவது, அவர் பேசுவது பொருளைப் பற்றியா, ஆளைப் பற்றியா? மூன்றாவது, "சரி, நீங்கள் என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் அவரிடம் ஏதேனும் யோசனை இருக்கிறதா? மூன்றிலும் தேறாதவரே விதண்டாவாதி.

மாற்றுக் கருத்துக்கு இடம் தருவது தமிழ் மரபு. மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரில் இருபத்தெட்டு நாள் இந்திர விழா அறிவிக்கப்படுகிறது. முரசறைவோன் பல்வேறு சமயவாதிகளையும் பட்டிமண்டபத்துக்கு வந்து முறைப்படி வாதிட அழைக்கிறான். அதே மூச்சில், பகைவர்களே எதிர்ப்பட்டாலும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிப் போகும்படியும் நகர மக்களுக்குச் சொல்கிறான். வாதத்துக்கு ஒரு மண்டபம், வம்புக்கு விலகல். விழா நடத்துவோர்க்கு இதைவிடச் சுருக்கமான விதி கிடைப்பது அரிது.

ஏடுகள் மறைந்தன, அடுப்பு எரிகிறது

நல்லவர்களுக்கிடையே எழுந்த வேற்றுமைகூட, தூண்டிவிடுவோர் கையில் சிக்கினால் என்னவாகும் என்பதற்கு அருட்பா - மருட்பாப் போரே சான்று.

1867-ல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சாயின. தேவாரம், திருவாசகம் முதலிய திருமுறைகளுக்கே உரிய பெருமையை இப்பாடல்களுக்குத் தருவதா என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். இது சமயக் கொள்கை பற்றிய மெய்யான வேற்றுமை. நாவலர் தமிழுக்கும் சைவத்துக்கும் தம் வாழ்வையே அளித்தவர். அடிகள் வாடிய பயிரைக் கண்டு வருந்திய அருளாளர். இருவரையும் வணங்குவதன்றிக் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் வேற்றுமை இவ்விருவரோடு நிற்கவில்லை. 'போலியருட்பா மறுப்பு' என்று ஒரு நூல் வந்தது. 'குதர்க்காரணிய நாசமகா பரசு' என்று எதிர்நூல் வந்தது. குதர்க்கம் என்னும் காட்டை அழிக்கும் பெருங்கோடரி என்பது அதன் பொருள். தலைப்பே போர் முழக்கம்! 1869-ல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை விவகாரம் போயிற்று. இரு பெரியோரும் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும், மறைமலை அடிகள் முதலியோர் மறுபக்கமும் நின்றார்கள். இஸ்லாமியரான செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று பேசினார் என்பது அந்தப் போரின் இனிய செய்திகளுள் ஒன்று. மற்றபடி துண்டறிக்கைகளும் கண்டனங்களும் வசைகளுமாகக் குவிந்தன. ப. சரவணன் நம் காலத்தில் அவற்றைத் திரட்டிப் பதிப்பித்த நூலின் பருமனைப் பார்த்தாலே எவ்வளவு மையும் தாளும் செலவாயின என்பது விளங்கும்.

இதன் பலியாட்களுள் ஒருவர் ஒரு மாணவர். கதிரைவேற்பிள்ளையின் சீடராக இருந்த அவர், ஆசிரியர்மீது தொடரப்பட்ட வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு அலைந்ததால் பள்ளி இறுதித் தேர்வை எழுத முடியாமல் போயிற்று. அத்துடன் அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. அவரே பின்னாளில் 'தமிழ்த் தென்றல்' என்று நாடு போற்றிய திரு.வி.க. அவருடைய மேதைமை அவரைக் காப்பாற்றிற்று. எல்லா மாணவர்க்கும் அந்தப் பேறு வாய்க்குமா?

அந்தக் கண்டன ஏடுகளை இன்று ஆராய்ச்சியாளர் அன்றி வேறு யார் படிக்கிறார்கள்? ஆனால் 1867-ல் வடலூர்த் தருமச்சாலையில் அடிகள் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்தவர்க்கு இன்றும் அங்கே சோறு கிடைக்கிறது. நாவலரும் 1870-களின் பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் உயிர் காத்தார். பாட்டின் பெயரைப் பற்றி வேறுபட்ட இருவரும் பசியைப் பற்றி வேறுபடவில்லை. அவர்கள் பெயரால் சண்டையிட்டவர்கள் இதை நினைத்திருந்தால் எத்தனை ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்!

சிசுபாலன் கணக்கு

பொறுமை எதுவரை? இதற்கு மகாபாரதத்தின் சபா பருவத்தில் தெளிவான பாடம் இருக்கிறது.

தருமரின் இராஜசூய வேள்வியில் முதல் மரியாதை கண்ணனுக்கு என்று பீஷ்மர் சொல்ல, சேதி நாட்டரசன் சிசுபாலன் எழுந்து நிந்திக்கத் தொடங்குகிறான். கண்ணனை, பீஷ்மரை, பாண்டவரை, ஒருவரையும் விடவில்லை. அவனுக்கு வேண்டியது தனக்கு மரியாதை அன்று. வேள்வி கெடவேண்டும் என்பதே. பீமன் கொதித்து எழுகிறான். பீஷ்மர் அவனைப் பிடித்து நிறுத்துகிறார். கண்ணனோ அமைதியாக இருக்கிறான். சிசுபாலனின் தாய் கண்ணனுக்கு அத்தை. அவளுக்கு அவன் கொடுத்த வாக்கு, நூறு பிழைகள் வரை பொறுப்பேன் என்பது. நூறு நிறைந்ததும் சபையோர்க்கு அதை எடுத்துரைத்து, பிறகே சக்கரத்தை ஏவினான்.

இக்கதையில் நான்கு பாடங்கள் உள்ளன. எல்லை முன்னதாகவே வகுக்கப்பட்டிருந்தது. கோபம் வந்தபோது புதிதாக உண்டாக்கியதன்று. எல்லை வரை பொறுமை உண்மையாகவே காக்கப்பட்டது. பீமன்கள் அடக்கப்பட்டனர், ஆளுக்கொருவராகப் பாய்ந்திருந்தால் வேள்விச்சாலை போர்க்களமாகி, சிசுபாலன் நினைத்ததே நடந்திருக்கும். கடைசியில், செய்யவேண்டியதை உரியவர் செய்தார், தயங்கவில்லை. நம் சங்கங்களுக்குச் சக்கரம் வேண்டாம். செயலாளரின் ஒரு கடிதம் போதும். ஆனால் அந்தக் கடிதத்துக்கும் இந்த நான்கு நியமங்கள் வேண்டும்.

பக்கத்து ஊர் தந்த படிப்பினை

குபெர்டினோவுக்கு அருகிலேயே இருக்கும் லாஸ் காட்டோஸ் நகரில் 2021-ல் இதே சோதனை வந்தது. நகர மன்றக் கூட்டங்களில் சிலர் புகுந்து, கூச்சலிட்டு, மேயரின் குடும்பத்தாரைக்கூட இழுத்துப் பேசி நடவடிக்கைகளைத் தடை செய்தனர். கலிபோர்னியாவில் 1953 முதல் பிரவுன் சட்டம் நடப்பில் இருக்கிறது. பொதுமன்றங்களின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், மன்றத்தின் கொள்கைகளையும் செயல்களையும் குறை சொல்வதைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அப்படியிருக்கக் கலகம் செய்பவரை எப்படி வெளியேற்றுவது?

இதற்காகவே எஸ்.பி. 1100 என்ற சட்டம் 2022-ல் நிறைவேறி, 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கூட்டத்தின் நடப்பை மெய்யாகவே தடை செய்பவரை, தலைவர் முதலில் எச்சரிக்க வேண்டும். 'இது தடை செய்யும் நடத்தை. நிறுத்தாவிட்டால் வெளியேற்றப்படுவீர்' என்று சொல்ல வேண்டும். அவர் உடனே நிறுத்தாவிட்டால் வெளியேற்றலாம். பலாத்காரத்தில் இறங்கியவருக்கும், மெய்யான மிரட்டல் விடுத்தவருக்கும் எச்சரிக்கை தேவையில்லை. குறை சொல்வது குற்றமன்று, கூட்டத்தைக் குலைப்பதே குற்றம் என்ற வேறுபாடு இதில் தெளிவாகிறது. கண்ணனின் கணக்கும் கலிபோர்னியாவின் சட்டமும் இவ்வளவு நெருங்கி வருவது வியப்பே!

எதைச் செய்யக்கூடாது என்பதற்கும் அருகிலேயே பாடம் உண்டு. 2023-ல் இம்மாநிலத்தின் பல ஊர் மன்றங்களில், தொலைவிலிருந்து கணிப்பொறி வழியே பேச வந்தவர்கள் யூதர்களையும் கறுப்பின மக்களையும் இழிவாக ஏசினர். வால்நட் கிரீக், சொனோமா கவுண்டி போன்ற இடங்களில் தொலைவிலிருந்து பேசும் வசதியையே நிறுத்தினார்கள். ஏச்சு நின்றது. ஆனால் வீட்டை விட்டு வர இயலாத முதியோரும், உடல் குறையுடையோரும், கைக்குழந்தைக்காரர்களும் வாய்ப்பை இழந்தார்கள். எலிக்காக வீட்டைக் கொளுத்துவது போன்றதே இது. ஒருவர் செய்த குற்றத்துக்காக எல்லோர் வாயையும் அடைப்பது கடைசி வழியாக இருக்கலாமே தவிர முதல் வழியாக அன்று.

நடைமுறையில் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் சங்கங்களுக்கு ஏற்ற சில நியமங்கள் கிடைக்கின்றன.

1. விதியை விழாவுக்கு முன்பே எழுதி வைத்தல். பேசத்தக்கது எது, தகாதது எது, மீறினால் என்ன, முடிவு செய்பவர் யார் என்பது நாலைந்து வரியில் இருந்தால் போதும். சண்டை வந்தபின் எழுதும் விதியை யாரும் விதியாக மதிப்பதில்லை, பழிவாங்கலாகவே கொள்வர்.

2. இரையைத் தொடாதிருத்தல். புத்தர் பெருமானை ஒருவன் வந்து வாய்க்கு வந்தபடி ஏசினானாம். "விருந்தினருக்கு நீ படைத்ததை அவர் உண்ணாவிட்டால் அது யாருடையது?" என்று அவர் கேட்டார். "என்னுடையதுதான்" என்றான். "அப்படியே உன் வசையும் உன்னுடையதே" என்றாராம். நாற்பது பேரும் உண்ணாவிட்டால் படைத்தவரே சுமந்துகொண்டு போக வேண்டியதுதான்.

3. மௌனத்தோடு நின்றுவிடாதிருத்தல். இதைப் பலர் மறக்கிறார்கள். வம்பருக்குப் பதில் வேண்டாம். வம்புக்கு ஆளானவருக்கு ஆறுதல் வேண்டும். அந்தப் பெண்மணியை அன்றைக்கே யாரேனும் தொலைபேசியில் அழைத்து, "நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அவசியம் வாருங்கள், குழந்தையையும் அழைத்து வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் மௌனமாக இருந்தால் அவமதிக்கப்பட்டவர், எல்லோருக்கும் அதே எண்ணம்தான் போலும் என்று நினைத்துக்கொள்வார்.

4. தனியே பேசுதல். பத்துப் பேர் நடுவில் திருத்தப்படுபவர் திருந்துவதில்லை, முறைத்துக்கொள்கிறார். வயதும் பக்குவமும் உள்ள ஒருவர் வீட்டுக்கே போய், ஒரு டம்ளர் காபியோடு பேசினால் பாதி நோய் அங்கேயே தீரும். வம்பர்களுள் சிலர் உண்மையில் தனிமையால் வாடுபவர்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, கார் ஓட்டத் தெரியாமல், பேச ஆளின்றி நாள் முழுவதும் நான்கு சுவர்களுக்குள் இருக்கும் பெரியவருக்குக் கைப்பேசிதான் ஊர்த் திண்ணை. அவருக்கு வேண்டியது தண்டனை அன்று, ஒரு பொறுப்பு. அடுத்த விழாவில் பந்தி விசாரிக்கும் வேலையை அவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். தீங்கு செய்தவருக்கு நன்மை செய்து நாண வைப்பதே வள்ளுவர் காட்டும் தண்டனை.

5. சிலவற்றுக்குக் கணக்கு இல்லை. ஒருவருடைய சாதியை, பிறப்பை, நிறத்தை இழுத்து இழித்துரைப்பது, பெண்களைப் பற்றித் தகாதன சொல்வது, மிரட்டுவது, பிறர் வீட்டு விவரங்களை வெளியிடுவது ஆகியவற்றுக்கு நூறு பிழை வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. முதல் முறையிலேயே நிறுத்த வேண்டும். இங்கே பொறுமை காட்டுவது, துன்புற்றவரின் செலவில் நாம் நல்லவராவது ஆகும்.

6. விலக்கினாலும் கதவைத் தாழிடாதிருத்தல். எவ்வளவு காலம், எந்த நிபந்தனையில் திரும்பலாம் என்று சொல்லி அனுப்ப வேண்டும். கோயில் வாசலும் பிரசாதமும் எவருக்கும் மறுக்கத்தக்கவை அல்ல. விலக்குவது பேசும் உரிமையிலிருந்துதான், இறைவனிடமிருந்து அன்று.

7. நடத்துவோர் தம்மையும் ஆராய்தல். வம்பர் சொன்ன பத்தில் ஒன்று உண்மையாக இருக்கக்கூடும். கணக்கில் தெளிவில்லை என்று அவர் ஏளனமாகச் சொன்னார் என்பதற்காகக் கணக்கைத் தெளிவாக்காமல் விட்டுவிடக் கூடாது. குறையை நீக்கிவிட்டால் அவருடைய தூண்டிலில் கோக்க இரையே இராது.

கூடி வாழும் கலை

லிவர்மோரில் 1986-ல் குடமுழுக்குக் கண்ட கோயிலுக்குப் பெயரே சிவா - விஷ்ணு கோயில். சிவனும் திருமாலும் ஒரே கூரையின்கீழ் எழுந்தருளியிருக்கிறார்கள். தென்னாட்டுச் சிற்பமும் வடநாட்டுச் சிற்பமும் அருகருகே நிற்கின்றன. எந்தச் சந்நிதிக்கு எந்த இடம், எந்த மொழியில் அர்ச்சனை, எந்த ஆகமம் என்று சண்டையிட ஆயிரம் காரணங்கள் இருந்திருக்க முடியும். பல மாநிலத்தாரும் பல மொழியினரும் அத்தனையையும் பேசித் தீர்த்த பிறகுதான் அங்கே மணி ஒலித்தது. வாதம் இருந்தது; வாதத்துக்கு முடிவும் இருந்தது. விதண்டையால் ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்க முடியாது.

வம்புக்கு வருபவர் எக்காலத்திலும் இருப்பார். இந்திரப்பிரஸ்தத்துச் சபையில் இருந்தார்; சென்ற நூற்றாண்டின் துண்டறிக்கைகளில் இருந்தார்; இன்று கைப்பேசியில் இருக்கிறார். அவரை ஒழிப்பது நம் வேலை அன்று. வேள்வி கெடாமல் நடப்பதைப் பார்ப்பதே வேலை. கிருஷ்ண ஜயந்தியன்று மாலை, அந்தப் பெண்மணியின் குழந்தை வாசலிலிருந்து பூஜை அறை வரை மாவில் பாதம் பதித்து வந்து, மயிற்பீலி சூடி நிற்க வேண்டும். சர்க்கரைப் பொங்கலும் சீடையும் வந்து சேர வேண்டும். அப்போது யார் என்ன எழுதினார் என்று எவருக்கும் நினைவிராது.

ஒத்துழைப்பை எழுதப்போய்க் குபெர்டினோ என்று எழுதிய இயந்திரம் தவறு செய்தது என்று ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளர்கள் சிரித்தார்கள். அந்தத் தவறை மெய்யாக்கிக் காட்டுவது இவ்வூர் அன்பர்களின் கையில் இருக்கிறது.